ஏழாள் மடுவில் நான் சொன்னதும் சொல்லாததும்

மருதையாற்றில் வருடத்துக்கு மூன்று மாதம் தண்ணீர் ஓடினால் பெரிய விஷயம். மீதி நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். "அந்த ஆத்துலயா மீன் ஆராய்ச்சி பண்றீங்க?" என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் முதல் வருடம் புரியவில்லை.

நீங்கள் எல்லாம் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். தண்ணீரை எப்படி எடுப்பது, வலையை எங்கே கட்டுவது, எண்களை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் இல்லாத கருவிகள் உங்கள் பையில் இருக்கின்றன. ஆகையால் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கும்போது நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் முழுதாகச் சொன்னதில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும் தாண்டி நடந்தால் ஆறு ஒரு பாறையில் மோதித் திரும்புகிற இடம் வரும். பாறைக்கு அடியில் ஒரு மடு. ஏழாள் மடு என்று பெயர். ஏழு ஆள் ஆழமாம். சித்திரை மாதத்தில் நாங்கள் அளந்தபோது என் தோளுக்குச் சற்று மேலே இருந்தது. ஆனால் ஆறு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போதும் அந்த மடுவில் தண்ணீர் இருந்தது. அதுதான் முக்கியம். வண்டி போக வழி கிடையாது. வரப்பு மேல்தான் நடக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள்.

அங்கே என்னோடு ஐந்து வருடம் வேலை செய்தவர் செல்வராசு. அந்த ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் சுரங்கத்தில் கல் ஏற்றியிருக்கிறார், பெயின்ட் அடித்திருக்கிறார், கொஞ்ச நாள் திருப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். நாங்கள் தினக்கூலிக்கு ஆள் தேடியபோது வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். வீச்சு வலையை அவர் எறிந்தால் அது வட்டமாக விரிந்து தண்ணீரில் சத்தமில்லாமல் விழும். நான் எத்தனையோ முறை முயன்று பார்த்தும் என் கையில் அது துணி மூட்டைபோலத்தான் போய் விழுந்தது.

நாங்கள் செய்த வேலை சின்ன வேலை. பிடித்த மீனின் வால் துடுப்பு ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வைத்து விட்டுவிடுவோம். பிறகு வேறு எங்கே, எப்போது அது கிடைக்கிறது என்று பார்ப்போம். இரண்டாவது வருடம் கார்த்திகையில், ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போது, மடுவிலிருந்து வெகுதூரம் மேலே ஒரு தடுப்பணையில் வலை போட்டோம். செல்வராசு ஒரு விராலைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இது நம்ம மீனு. சித்திரையில மடுவுல வெட்டு வெச்சு உட்டோமே, அது."

"எப்படித் தெரியும்?"

"வாலப் பாருங்க. வெட்டு என் கை வெட்டு. கொஞ்சம் சாஞ்சிருக்கும்."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அப்படி ஆறு மீன் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் ஆற்றின் கீழ்ப் பகுதியிலும் கிடைத்தது. அப்புறம்தான் விளங்கியது. கோடையில் ஆறு காயும்போது, தப்பிக்கத் தெரிந்த பெரிய மீன்களெல்லாம் அந்த ஒரு மடுவில் வந்து ஒடுங்குகின்றன. மழை வந்து ஆறு ஓடத் தொடங்கியதும் அவைதான் மேலும் கீழும் போய் முட்டையிட்டு ஆற்றை நிரப்புகின்றன. விரால், கெளுத்தி, ஆரால் எல்லாம் அப்படித்தான். அந்த மடு போனால் அந்த ஆற்றில் மீன் போகும். மீன் போனால் கொக்கு, நீர்க்காகம், ஆற்றில் கையால் துழாவி மீன் பிடித்துக் குழம்பு வைக்கிற பெண்கள், எல்லாருடைய சாப்பாடும் போகும்.

செல்வராசுவையும் அழைத்துக்கொண்டு போய் ஊரில் பேசினேன். கோடை மூன்று மாதம் யாரும் மடுவில் மீன் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்தார்கள், ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். மடுவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பைச் செல்வராசுவிடம் கொடுத்தேன். ஊர்த்தெரு ஆட்களைக் காலனிக்காரர் ஒருவர் "இங்க வலை போடாதீங்க" என்று சொல்லவேண்டிய நிலைமை. அது அவருக்கு எவ்வளவு பாரம் என்று நான் யோசிக்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிழக்கே இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மடுப் பக்கமாக விரிவாக்க விண்ணப்பம் வந்தது. பள்ளம் ஆழமானால் ஊற்று நீரை இறைத்து வெளியே விடுவார்கள். சுற்றிலும் நீர்மட்டம் இறங்கும், மடு வற்றிவிடும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். என் அறிக்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

அறிக்கையில் ஒரு வரைபடம் இருந்தது. மடு எங்கே இருக்கிறது, வரப்பு வழி எப்படிப் போகிறது, பாறைக்கு அடியில் பெரிய மீன்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் செல்வராசு சொன்னார்: "எடத்த எழுத வேணாம் சார். ஆத்துல ஒரு எடம்னு போட்டாப் பத்தாதா?"

"இடத்தைச் சொல்லலன்னா யாரு நம்புவாங்க, செல்வராசு?"

 அந்த அறிக்கையில் அவர் பெயரும் இல்லை. 'களப்பணி உதவியாளர்' என்று ஓர் இடத்தில் போட்டிருந்தேன்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஓர் ஆங்கிலப் பத்திரிகை நிருபர் வந்து பார்த்தார். நல்ல பையன், அக்கறையானவன். அலுவலக அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் அறிக்கை மேலே போய் ஏதாவது மேசையில் தூங்கும், அதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்று எனக்குப் பயம். கூடவே இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து வருட வேலை நாலு பேர் கண்ணில் படட்டும் என்ற ஆசை. "என் பேரைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் பெரிதாக வந்தது. 'ஆற்றின் தாய் மீன்கள் எல்லாம் கூடும் ஒரே இடம்' என்ற தலைப்பில் வரைபடத்தை அப்படியே போட்டிருந்தார்கள். அந்த ஊரில் ஆங்கிலப் பத்திரிகை யாரும் வாங்குவதில்லை. யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் வாங்கி இரண்டு தடவை படித்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. செல்வராசுதான்.

"சார், வாங்க. மடு முழுக்க வெள்ளையா கெடக்கு."

நான் போய்ச் சேர்வதற்குள் ஊர் கூடியிருந்தது. மடுவின் மேற்பரப்பே தெரியவில்லை. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கெண்டை, கெளுத்தி, கரையோரச் சேற்றில் பாதி புதைந்து ஆரால், பாறைப் பக்கமாக விரால்கள். ஒரு முழ நீளத்துக்கு மேல் இருந்தவை ஒன்றும் இல்லை. பெரிய மீன்களைக் காணோம். மடுவோரக் குட்டைகளில் இருந்த சின்ன இறால்களும் செத்துச் சிவந்து மிதந்தன. தண்ணீரில் ஓடுகிற பூச்சிகள்கூட இல்லை. இரண்டு கொக்குகள் தள்ளி நின்றன, கிட்டே வரவில்லை. அந்த நாற்றம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. மீன் நாற்றத்துக்கு மேலே வேறொன்று, வயலில் மருந்தடித்த மறுநாள் வருகிற மாதிரி.

கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. "சுரங்கத்துத் தண்ணியத் தொறந்து உட்டுட்டானுங்க. மடுவ அழிச்சிட்டா அவனுங்களுக்கு எடம் சுளுவாக் கெடைக்கும்ல?" என்று ஒருவர் கத்தினார். லாரிகளை மறிக்கப் போகலாம் என்று பேச்சு நடந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சார், நீங்க சொல்லுங்க. சுரங்கத் தண்ணிதானே?"

குனிந்து ஒரு விராலை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், விரால் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன். தண்ணீர் கலங்கினாலும், பிராணவாயு குறைந்தாலும் கெண்டைதான் முதலில் சாகும், விரால் தப்பிக்கும். விராலும் ஆராலும் இறாலும் பூச்சியும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் அது சுண்ணாம்புத் தண்ணீர் இல்லை. பெரிய மீன்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் பொருந்தியது. அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. அத்தனை சாவுக்கு நடுவிலும் எழுந்தது.

நிமிர்ந்து உரக்கச் சொன்னேன்: "சுரங்கத் தண்ணி இல்லைங்க. இது பூச்சி மருந்து. மீன் பிடிக்கிறதுக்காக யாரோ ஊத்தியிருக்காங்க."

சொன்னது சரி. பிற்பாடு பரிசோதனையிலும் அதுதான் வந்தது. ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை, இடமுமில்லை. ஆத்திரத்தோடு நிற்கிற ஐம்பது பேரிடமிருந்து ஒரு எதிரியைப் பறித்துவிட்டேன். அவர்களுக்கு உடனே இன்னொரு எதிரி தேவைப்பட்டான்.

 பிறகு ஒருவர் சொன்னார்: "வெளியாளுக்கு இந்த மடு எங்க தெரியும்? வழியே கெடையாதே."

இன்னொருவர்: "நம்மளப் புடிக்க வேணாம்னுட்டு, தனியாப் புடிச்சிருக்கான்யா."

செல்வராசு அப்போது முழங்கால் தண்ணீரில் நின்று, பரிசோதனைக்காக எனக்குச் செத்த மீன்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள்.

"நான் இல்லண்ணே. நான்தான் சாருக்குப் போன் பண்ணினேன்" என்றார். அதற்குள் இழுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். "விடுங்க, விடுங்க" என்று நான் கத்தினேன். கத்தியது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒருவன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததைத் தடுக்க அவர் வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டது.

அவர் ஊர்த்தெருக்காரராக இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுத்தான் கையை ஓங்கியிருப்பார்கள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போலீஸ் வந்தது. விசாரணைக்கு என்று அவரையே ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் என்னையும் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்த மடுவுல பெரிய மீன் எங்க நிக்கும், எப்படிப் போகணும்னு உங்களுக்கும் இவனுக்கும்தான் தெரியும்னு ஊர்ல சொல்றாங்க. வெளியாள் யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் என் மனதில் என்னென்ன ஓடியது என்று இன்னும் வரிசையாகச் சொல்ல முடியும். பத்திரிகை. வரைபடம். அனுமதி இல்லாமல் கொடுத்தது. விளக்கம் கேட்டு வரப்போகிற கடிதம். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் விசாரணை. சுரங்கக்காரர்கள் 'இவர் ஒரு சார்பான ஆள்' என்று சொல்லி அறிக்கையையே தள்ளிவிடுவார்கள் என்ற நினைப்பு. இந்தக் கடைசிக் காரணம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. ஆற்றுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளலாம்.

"தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை" என்றேன்.

உள்ளே பெஞ்சில் செல்வராசு உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் "லேப் ரிப்போர்ட் வந்துடும் செல்வராசு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவர் மனைவி மலர்க்கொடி என் அறைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா உட்டுருவாங்க சார். கை பெருசா வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, விசாரணை முடியட்டும்ங்கறாங்க."

"ரிப்போர்ட் வரட்டும்மா. என்ன மருந்துன்னு தெரிஞ்சா எல்லாம் தெளிவாயிடும்."

"மருந்து பேரு தெரிஞ்சா அவரு ஊத்தலன்னு ஆயிருமா சார்?"

 "தைரியமா இருங்க" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க சார், போயிட்டு வரேன்" என்று போய்விட்டார்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்பது நம் தொழிலில் ரொம்ப நல்ல வாக்கியம். அவசரப்படாதவன், ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று காட்டும். மடுக் கரையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொல்லக்கூடாத இடத்தில், ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப, அதைச் சொன்னேன்.

முந்தின நாளே நான் மாதிரிகளை அனுப்பி, நடந்ததையும் சொல்லியிருந்த திருச்சி ஆய்வகத்திலிருந்து மறுநாள் மத்தியானம் ஜமீலா மேடம் போன் செய்தார். எனக்கு இரண்டு வருடம் இளையவர். எங்கள் எல்லா நீர் மாதிரிகளையும் பரிசோதித்தவர் அவர்தான். எதையும் நேராகப் பேசுகிறவர்.

"பூச்சி மருந்துதான் சார், சந்தேகமே இல்ல. காய்கறிக்கு அடிக்கிறது. எழுத்துல நாளைக்கு வரும்."

"ரொம்ப நன்றி மேடம். இது வந்துட்டா செல்வராசு விஷயம்…"

"நீங்க அனுப்புன தண்ணி பாட்டில்ல மருந்து இருக்கும் சார். யாரு ஊத்துனாங்கன்னு பாட்டில்ல இருக்காது." சற்று நிறுத்தினார். "போன வாரம் அந்த இங்கிலீஷ் பேப்பர் பாத்தேன். அந்த மேப்பு நம்ம மேப்பு. நீலக் கலர் நான் போட்டது. போலீஸ்ல அதச் சொன்னீங்கள்ல?"

"அது வந்து மேடம்…" என்று இழுத்தேன்.

"யா அல்லாஹ். சொல்லலையா? அந்த மனுஷன் உள்ள உக்காந்திருக்காரு சார்."

"நாளைக்குக் காலைல ரிப்போர்ட்டோட போயி…"

"நாளைக்கா?" என்றார். அவ்வளவுதான். போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கடைசியில் "இப்பவே போறேன்" என்றேன்.

ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வரைபடம் என்னுடையது, நான்தான் நிருபருக்கு அனுப்பினேன், அனுமதி வாங்கவில்லை, நேற்றுக் கேட்டபோது மறைத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் பேனாவை மேசையில் போட்டார். "இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வாரத்துக்குள் ஆட்கள் அகப்பட்டார்கள். நெடுஞ்சாலையோரத்தில் ஆற்று மீன் விற்கிற இரண்டு பேர். தூண்டில்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு வாட்ஸப் குழுவில் அந்தப் பத்திரிகைப் பக்கம் சுற்றியிருக்கிறது. யாரோ கீழே தமிழில் ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பெரிய விரால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் எடுத்த படமும் அதே குழுவில் இருந்திருக்கிறது. எப்படி இடம் தெரியும் என்று கேட்டதற்கு அதில் ஒருவன் சொன்னானாம்: "மேப்போடயே வந்துச்சு சார். பாறைக்கு எந்தப் பக்கம் நிக்கும்னுகூடப் போட்டிருந்துச்சே."

செல்வராசுவை நான் எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடிபட்ட அன்றைக்கே கொண்டுவந்திருக்கலாமே என்றார். எலும்பு நகர்ந்திருந்தது. வீக்கம் வடிவதற்கே நாள் ஆயிற்று. கட்டுப் போட்டார்கள், பிறகு கம்பி வைத்தார்கள். விரல்கள் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. வீச்சு வலை எறிய மணிக்கட்டுதான் எல்லாம்.

அடித்தவர்கள் பேரில் புகார் கொடுக்கச் சொன்னேன். "அதே ஊர்லதானே சார் இருக்கணும்" என்றார்.

கருத்துக்கேட்புக் கூட்டம் குறித்த நாளில் நடந்தது. விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்திருந்ததால் மேடையில் பேச அனுமதி இல்லை, பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்தின் சார்பில் பேசியவர் அமைதியாகப் பேசினார். மடுவில் இப்போது மீன் இல்லை, மீன் செத்ததற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அதை அரசு விஞ்ஞானியே சம்பவ இடத்தில் சொல்லியிருக்கிறார் என்றார். ஒரு வார்த்தை பொய் இல்லை. "காப்பாத்தறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மடுவைச் சுற்றி நீர் இறைக்கக் கூடாது என்று நாங்கள் கேட்டிருந்த நிபந்தனை இல்லாமலே அனுமதி கிடைத்தது.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வருட மழைக்கு ஆறு ஓடியது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் நாங்கள் வழக்கமாக வலை போடுகிற இடங்களிலெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஏரிகளிலிருந்து வழிந்து வந்த ஜிலேபி மீன்கள்தான் வந்தன. வால் வெட்டு வைத்த மீன் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடமும் இல்லை. மூன்றாவது வருடம் வேறொரு குட்டையில், விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு தாயோடு மேலே வந்து போவதைப் பார்த்ததாக ஒரு பெண் அதிகாரி எனக்குப் போன் செய்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருடைய அறிக்கையிலும் இடம் இல்லை. பூட்டி வைக்கிற ஒரு பதிவேட்டில் மட்டும் எழுதியிருப்பதாகச் சொன்னார். நம் பிரிவில் இப்போது அந்தப் பதிவேடு இருப்பதற்கு இதுதான் காரணம். அதைத் திறக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

ஆற்றுக்கு நான் செய்த கெடுதலைக் காலம் கொஞ்சம் சரி செய்யலாம். இன்னொன்று அப்படியில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் செல்வராசுவைத் தேடிப் போனேன். பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வாசல் காவலுக்குச் சேர்ந்திருந்தார். நீலச் சட்டை, தொப்பி. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைப் போட்டார். நான் உட்காரவில்லை.

"நல்லா இருக்கீங்களா செல்வராசு?"

"இருக்கேன் சார். வூட்ல எல்லாரும் சௌரியமா?"

பேச வேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. "என்னால உங்களுக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சுடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசவில்லை. யோசித்து யோசித்துத் தேய்ந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அடிச்சவங்கமேலகூட எனக்கு வருத்தமில்ல சார். அவங்க எப்பவும் அப்படித்தான். செத்த மீனப் பாத்து அஞ்சு நிமிஷத்துல மருந்துன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. என்னை அஞ்சு வருஷமாப் பாத்தீங்க. நான் இல்லன்னு சொல்ல உங்களுக்கு ரெண்டு நாளு ஆச்சு."

 கல்லூரிப் பேருந்து ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தோளைக் கொடுத்து, இடது கையால் கேட்டைத் தள்ளித் திறந்தார். பின்னாலேயே இன்னொரு பேருந்து, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் உள்ளே போய் முடிகிறவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் வராமல், கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்த அறைக்குப் போய்விட்டார்.